ஜூஸ் கடைத் தோலிலிருந்து எண்ணெயும் பெக்டினும்: பினாங்கில் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஒரு ஆரஞ்சைப் பிழிந்தால் ஏறக்குறைய பாதி எடை தோலும் சக்கையுமாக மிஞ்சும். ஜூஸ் கடைக்காரருக்கு அது குப்பை. உங்களுக்கு அதில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: தோலின் மேல்பரப்பில் எண்ணெய், உள்ளே வெள்ளைப் பஞ்சில் ஜாமைக் கட்டவைக்கும் பெக்டின், அதே பஞ்சில் ஹெஸ்பெரிடின் என்ற ஃபிளேவனாய்டு, அதாவது ஒரு தாவரச் சேர்மம். மூன்றையும் எடுக்கும் முறை பல காலமாகத் தெரிந்ததுதான். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது வரிசையில். முதலில் வடிகலன் வாங்கிவிட்டு, அப்புறம் இடம் தேடி, கடைசியில் லைசென்சுக்கு அலைகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. விற்கப் போவது என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே எண்ணெய்தான். ஆனால் அதை எதற்கு விற்கிறீர்கள் என்பதை வைத்துப் பத்திரங்கள் மாறும். உணவு மணமூட்டியாக விற்றால் சுகாதார அமைச்சின் உணவுப் பிரிவு. சோப்பு, கிரீம், உடம்பில் பூசும் எண்ணெய் என்றால் என்பிஆர்ஏ எனப்படும் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு. வீடு துடைக்கும் திரவமாக விற்றால் இந்த இரண்டும் வேண்டாம்.

"மூன்றுக்கும் ஆகும்" என்று ஒரே லேபிளில் போடுவதுதான் பெரிய பொறி. லேபிளில் "ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்", "மூட்டுவலிக்கு நல்லது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், உங்கள் பொருள் மருந்துப் பதிவின் எல்லைக்குள் போய்விடும். அந்தப் பதிவுக்கு ஆகும் செலவையும் காலத்தையும் சிறு தொழில் தாங்காது.

புதியவருக்கு எங்கள் பரிந்துரை: கஸ்தூரி எலுமிச்சை எண்ணெய், கூடவே ஜாம் செய்பவர்களுக்குத் திரவப் பெக்டின். இனிப்பு ஆரஞ்சு எண்ணெயில் பிரேசிலோடு விலைப் போட்டிக்குப் போக முடியாது. அங்கே ஜூஸ் ஆலைகளின் துணைப்பொருளாக அது டன் கணக்கில் வருகிறது. லிமாவ் கஸ்தூரியின் மணம் வேறு, சந்தையும் வேறு. அதை இந்த ஊர்க்காரர்கள் மூடியைத் திறந்த கணமே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

2. எந்தத் தோலில் என்ன இருக்கிறது

ஜூஸ் மெஷின்களில் போகும் ஆரஞ்சு பெரும்பாலும் இறக்குமதி. கப்பலில் கெடாமல் இருக்க மெழுகும், இமாசலில், தியாபெண்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லியும் பூசியிருப்பார்கள். இவை தோலில்தான் தங்கும். தோலை அழுத்திப் பிழிந்து எண்ணெய் எடுத்தால் இவையும் சேர்ந்து அடர்த்தியாகும். வெதுவெதுப்பான நீரில் சோடா உப்புப் போட்டு 15 நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால் மேலே உள்ளது குறையும், உள்ளே இறங்கியது போகாது. இறக்குமதித் தோலை உணவுப் பொருளாக மாற்றுவதென்றால் எச்சப் பரிசோதனை இல்லாமல் விற்காதீர்கள். பரிசோதனைக் கூடம் எஸ்ஏஎம்எம் எனப்படும் மலேசிய ஆய்வக அங்கீகாரம் பெற்றதா என்றும், அந்த அங்கீகாரம் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கும் உண்டா என்றும் இரண்டு கேள்வியாகக் கேளுங்கள்.

கஸ்தூரியும் நிபிஸ் என்ற சிறு எலுமிச்சையும் உள்ளூர்ப் பழங்கள், மெழுகு இருக்காது. தோட்டத்தில் அடித்த மருந்து இருக்கலாம், கழுவாமல் விடாதீர்கள்.

ஹெஸ்பெரிடின் வேண்டுமானால் இனிப்பு ஆரஞ்சு, மாண்டரின் தோலுக்குப் போங்கள். கஸ்தூரியில் அதைத் தேட வேண்டாம், மிகக் குறைவு. பம்ப்ளிமாஸ் தோலில் இருப்பது நரின்ஜின். அது வேறு பொருள், எடுக்கும் முறையும் வேறு.

3. பத்திரங்கள்

எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு: தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயரில் 60 வெள்ளி. வணிக விவர அச்சுக்கு 10 வெள்ளி தனி. இணையத்தில் இஸிபிஸ் வழியாகவே முடிக்கலாம். தொழில் விவரம் கேட்கும் இடத்தில் "பழக் கழிவிலிருந்து வாசனை எண்ணெய், உணவுப் பொருள் தயாரித்தல்" என்ற பொருள் தெளிவாக வரட்டும். "பொது வணிகம்" என்று போட்டால் பின்னால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் கேட்பார்கள்.

நகராண்மை லைசென்ஸ்: தீவில் இருந்தால் எம்பிபிபி எனப்படும் பினாங்குத் தீவு மாநகர் மன்றம்; பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜம் பக்கம் என்றால் எம்பிஎஸ்பி எனப்படும் செபராங் பிறை மாநகர் மன்றம். இடத்தின் வாடகை ஒப்பந்தம், எஸ்எஸ்எம் பத்திரம், அடையாள அட்டை நகல், இடத்தின் படம் இவற்றைத் தயாராக வையுங்கள். பெயர்ப் பலகையையும் இதோடு பாருங்கள். அதிலுள்ள மலாய் வாசகத்துக்கு டேவான் பஹாசா என்ற அரசு மொழி நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். தமிழில் மட்டும் எழுதிய பலகையை அடித்து வைத்துவிட்டு ஒப்புதலுக்குப் போகாதீர்கள், அடித்த காசு வீண்.

உணவு என்றால்: 2009ஆம் ஆண்டு உணவுத் துப்புரவு விதிகளின்படி உணவு தயாரிக்கும் இடத்தைப் பதிய வேண்டும், அதோடு ஓர் உணவுப் பாதுகாப்புத் திட்டமும் வேண்டும். சிறு தொழிலுக்கு ஏற்றது சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ். அதற்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பம் ஃபோசிம் இணையவாசலில். பதிவேட்டில்தான் பலர் சிக்குகிறார்கள். எந்தத் தேதியில் எந்தக் கடையிலிருந்து எத்தனை கிலோ தோல் வந்தது, எந்தத் தொகுதியில் போனது, கலனை யார் எப்போது கழுவினார், எலி, கரப்பானுக்கு என்ன செய்தீர்கள் என்று எல்லாம் எழுத்தில் வேண்டும். அதிகாரி வருவதற்கு முந்தின இரவு மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே பேனாவில் எழுதினால் பார்த்ததும் தெரியும். முதல் நாள் தோல் வாங்கும்போதே ஒரு நோட்டைத் திறந்துவிடுங்கள்.

வேலை செய்யும் ஒவ்வொருவரும் உணவு கையாளுவோர் பயிற்சியை முடித்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே இவை இரண்டையும் முடித்துவிடுங்கள். ஒரு நாள் வேலைதான், ஆனால் பயிற்சிக்கு இடம் கிடைக்கச் சில வாரம் காத்திருக்க நேரலாம்.

அழகுப் பொருள் என்றால்: விற்பதற்கு முன் என்பிஆர்ஏ-வுக்கு அறிவிப்பு கொடுத்து எண் பெற வேண்டும். எண் 2 ஆண்டு செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். தயாரிப்பு, நல்ல உற்பத்தி நடைமுறைப்படி நடக்க வேண்டும் என்பதால் வீட்டுச் சமையலறை ஒத்துவராது. எண்ணெயை நீங்கள் வடித்து, சோப்பையோ கிரீமையோ ஏற்கெனவே தகுதி பெற்ற ஒப்பந்தத் தொழிற்சாலையில் செய்து வாங்குவது தொடக்கத்தில் மலிவு.

இன்னும் ஒன்று. சாராயம் காய்ச்சும் கலனும் எண்ணெய் வடிக்கும் கலனும் பார்வைக்கு ஒன்றே. வாங்குமுன் சுங்கத் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று விளக்கி, பதிலைக் கோப்பில் வையுங்கள். சுத்த எத்தனால் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கடிதம் கட்டாயம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள், அது கலால் வரிக்கு உட்பட்ட பொருள்.

4. இடம்

வீட்டில் வேண்டாம். காரணம் லைசென்ஸ் மட்டுமல்ல. இந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன், அது தீப்பற்றும் வெப்பநிலை சுமார் 48 டிகிரி. ஆவியைத் திரவமாக்கும் குளிர்விப்பான் சரியாக வேலை செய்யாமல் ஆவி வெளியே வந்தால், பக்கத்து கேஸ் அடுப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். மின் சூடு மட்டும், காற்றோட்டம், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், தரையில் எண்ணெய்ப் பொறியுடன் வடிகால்: இவை உள்ள சிறு தொழிற்பேட்டைக் கடையே போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், அந்தக் கட்டடத்தில் உணவு உற்பத்தி அனுமதிக்கப்பட்டதா என்று நகராண்மையில் கேட்டுவிடுங்கள். கட்டட உரிமையாளர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

5. தோல் சேகரிப்பு: நான்கு மணி நேரம்

பிழிந்த தோலில் பெக்டினை வெட்டும் நொதி உயிரோடு இருக்கிறது. பினாங்கு வெயிலில் மூடிய பீப்பாய்க்குள் தோலை வைத்தால் நாலைந்து மணி நேரத்தில் புளித்த வாடை வரும், மாலைக்குள் மூடி உப்பிக்கொள்ளும். அந்தத் தோலில் எண்ணெய் வரலாம், பெக்டின் ஜாமைக் கட்டாது.

ஆகவே பிழிந்த 4 மணி நேரத்துக்குள் தோல் உங்கள் இடத்துக்கு வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் கடையிலேயே 4 டிகிரிக்குக் கீழ் குளிர்பெட்டியில் இருக்கட்டும். கடைக்கு இரண்டு தொட்டி கொடுங்கள், இரண்டு நிறத்தில். ஒன்று தோலுக்கு, மற்றொன்று மீதி எல்லாவற்றுக்கும். ஒரே தொட்டி என்றால் ஸ்ட்ரா, பிளாஸ்டிக் மூடி, ஐஸ் தண்ணீர், அசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) கொட்டை எல்லாம் தோலோடு வரும். தரம் பிரிக்க நீங்கள் செலவிடும் நேரம், வடிக்கும் நேரத்தைவிட அதிகமாகிவிடும்.

கஸ்தூரியில் ஒரு சிக்கல்: அசாம் போய் கலந்து விற்கும் கடைகளில் பிழிந்த பாதிப் பழத்தையே கோப்பைக்குள் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், தோல் வாடிக்கையாளரோடு போய்விடும். மொத்தமாகச் சாறு பிழிந்து பல கடைகளுக்கு அனுப்பும் சமையல்கூடங்களைத் தேடுங்கள். அங்கே ஒரே இடத்தில் 20, 30 கிலோ கிடைக்கும்.

நோன்பு மாதத்தில் பசார்களில் ஜூஸ் விற்பனை கூடும், தோலும் கூடும். ஆனால் பிழியும் நேரம் பிற்பகலுக்கு நகர்ந்துவிடும், நீங்கள் இரவில் வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும். சீனப் பெருநாளில் மாண்டரின் மலிவாகக் குவியும், ஆனால் மக்கள் உரித்துச் சாப்பிடும் தோல் வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கும், சேகரிப்பது கடினம்.

கடையோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: யார் எடுக்கிறார், எத்தனை மணிக்கு, தொட்டியை யார் கழுவுவது. இப்போது இலவசமாகக் கொடுப்பவர், நீங்கள் சம்பாதிப்பது தெரிந்ததும் காசு கேட்பார். அதற்கும் இப்போதே ஒரு வரி எழுதிவையுங்கள்.

6. எண்ணெய் வடித்தல்

எப்போதும் எண்ணெய்தான் முதலில். தோலைக் காயவைத்தாலோ வேகவைத்தாலோ எண்ணெய் ஆவியாகிப் போய்விடும்.

40 லிட்டர் எஃகுக் கலன், உள்ளே துளையிட்ட தட்டு, 3 கிலோவாட் மின் சூடேற்றி. தட்டுக்குக் கீழே 8 லிட்டர் தண்ணீர். தட்டின் மேல் கழுவி, விரல் நக அளவுக்கு நறுக்கிய தோல் 10 கிலோ. கலனில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். கூழாக அரைக்காதீர்கள், ஆவி நடுவில் ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிடும், மீதித் தோல் பச்சையாகவே கிடக்கும். கஸ்தூரி விதையையும் நசுக்க வேண்டாம், கசப்பு மிச்சச் சாற்றில் இறங்கிப் பெக்டினைக் கெடுக்கும்.

தோலைத் தண்ணீரில் முழுக்கி வேகவைக்கவும் கூடாது. பெக்டின் கரைந்து நுரைத்துக் குளிர்விப்பானுக்குள் ஏறும், அடியில் பிடித்துத் தீய்ந்த வாடையும் வரும். அந்த வாடை எண்ணெயை விட்டுப் போகவே போகாது.

கொதிக்க ஏறக்குறைய அரை மணி நேரம். கொதித்ததும் சூட்டைப் பாதியாகக் குறையுங்கள், 1.5 கிலோவாட். இதை மறந்தால், வடிக்கும் 2 மணி நேரத்தில் 9 லிட்டருக்கு மேல் ஆவியாகும், நீங்கள் ஊற்றியதோ 8 லிட்டர். சூடேற்றி தண்ணீரின்றி எரிந்துபோகும். பாதிச் சூட்டில் 4 முதல் 5 லிட்டர்தான் போகும், அது போதும்.

குளிர்விப்பதை இங்கே பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். குளிர் நாட்டுக் காணொளிகளைப் பார்த்து 100 லிட்டர் பீப்பாயில் பம்பு வைப்பார்கள். நம்மூர்க் குழாய்த் தண்ணீரே சுமார் 28 டிகிரி. 2 மணி நேரத்தில் 100 லிட்டரின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறி 50ஐத் தாண்டிவிடும், எண்ணெய் ஆவியாக அறைக்குள் போகும். 300 லிட்டர் தொட்டி வையுங்கள், 37 டிகிரியைச் சுற்றி நிற்கும், இரவில் ஆறிவிடும். 100 லிட்டர்தான் முடியும் என்றால் ஒவ்வொரு தடவைக்கும் 15 முதல் 20 கிலோ ஐஸ் கணக்கில் வையுங்கள். குளிர்விப்பான் வாயில் வெப்பமானி கட்டாயம். 40ஐத் தாண்டினால் சூட்டைக் குறையுங்கள்.

10 கிலோ ஈரத் தோலுக்கு 30 முதல் 80 மில்லி எண்ணெய் வரும். 50 மில்லி என்று வைத்தால் 10 மில்லி சீசாவாக ஐந்து. மின்சாரம் சுமார் 5 யூனிட். யூனிட்டுக்கு 50 சென் என்று கணக்கிட்டால் 2 வெள்ளி 50 சென்தான். செலவு மின்சாரத்தில் இல்லை, ஆளின் நேரத்தில் இருக்கிறது: எடுத்து வர, கழுவ, நறுக்க, வடிக்க, கலன் தேய்க்க என்று 5 மணி நேரம். ஐந்து சீசாவுக்கு 5 மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பெக்டினையும் ஏன் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது புரியும்.

7. எண்ணெயைப் பிரித்து வைத்தல்

எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, அடர்த்தி 0.84 அளவில். பிரிப்புக் குடுவையில் மேலே மிதக்கும். கீழ்த் தண்ணீரை இறக்கிவிட்டு, எண்ணெயை இரவு உறைபெட்டியில் வையுங்கள். மிச்ச ஈரம் பனியாகக் கட்டும், எண்ணெய் திரவமாகவே இருக்கும், மேலே இருப்பதை ஊற்றி எடுக்கலாம்.

அடர்நிறக் கண்ணாடிச் சீசா, கழுத்துவரை நிரப்பியது. பாதி நிரம்பிய சீசாவில் காற்றுப் பட்டு லிமோனீன் ஆக்சிஜனேற்றம் அடையும், அப்படி ஆன எண்ணெய் சருமத்தில் ஒவ்வாமையைக் கிளப்பும். வைட்டமின் ஈ, அதாவது டோகோஃபெரால், 0.1 விழுக்காடு சேர்த்தால் தாங்கும். குளிரில் வையுங்கள்.

எண்ணெயை வெள்ளை நுரைக் கோப்பையில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பாலிஸ்டைரீன் அதில் கரையும். கோப்பையின் அடி முதலில் குழிந்து, பிறகு பிசினாகி, மேசையெல்லாம் ஒட்டும். இதே காரணத்தால் சாதாரண ரப்பர் வளையமும் உப்பிக் கசியும். மூடிகளிலும் இணைப்புகளிலும் டெஃப்லான் வளையம் போடுங்கள்.

எலுமிச்சை இனத் தோலை அழுத்திப் பிழிந்த எண்ணெயில் ஃபியூரனோகூமரின்கள் உண்டு. சருமத்தில் பூசி வெயிலில் போனால் கொப்புளிக்கும், கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். ஆவியில் வடித்தால் அவை ஏறி வராது. உடம்பில் பூசும் பொருளுக்கு வடித்த எண்ணெயையே கொடுங்கள், லேபிளிலும் "வடித்தது" என்று எழுதுங்கள்.

8. பெக்டின்: தூளை விட்டுத் திரவத்துக்குப் போங்கள்

வடித்து முடிந்த தோல் சூட்டோடு இருக்கும்போதே அடுத்த பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஆவியில் வெந்ததால் நொதி செத்திருக்கும், தனியாக வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டியதில்லை. குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிச் சர்க்கரையைப் போக்குங்கள்.

5 கிலோ தோலுக்கு 15 லிட்டர் தண்ணீர். சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 20 முதல் 30 கிராம், பிஎச் (அமிலத்தன்மை அளவு) 2 வரும்வரை. கிராம் கணக்கைவிட பிஎச் மீட்டரை நம்புங்கள், தோலுக்குத் தோல் மாறும். 85 டிகிரியில் 60 முதல் 75 நிமிடம், மெதுவாகக் கிளறி. கொதிக்கவிட்டாலோ இரண்டு மணி நேரம் விட்டாலோ பெக்டின் சங்கிலி உடைந்து தண்ணீர்போல் ஆகிவிடும். சூட்டோடு துணியில் வடிகட்டுங்கள். ஆறினால் துணி அடைத்துக்கொள்ளும்.

சோதனை எளிது. மருந்தகத்தில் விற்கும் ஆல்கஹால் மூன்று கரண்டி, ஆறிய சாறு ஒரு கரண்டி. ஒரு நிமிடம் விட்டு முள்கரண்டியால் தூக்குங்கள். ஒரே கட்டியாகத் தொங்கினால் நல்ல பெக்டின். நூல் நூலாகப் பிய்ந்தால் பலவீனம், சாற்றைச் சுண்டவைக்க வேண்டும். துகளாகச் சிதறினால் தோல் பழையது. சோதித்ததை வாயில் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இந்தச் சாற்றைச் சூடாகவே கண்ணாடிப் போத்தலில் அடைத்து, குளிரில் வைத்து, ஜாம், காயா (முட்டை, தேங்காய்ப்பால் ஜாம்) செய்யும் சிறு தயாரிப்பாளர்களுக்கு விற்கலாம். தூளாக்கப் போகாதீர்கள், குறைந்தது முதல் ஆண்டில். 12 லிட்டர் சாற்றுக்கு 12 முதல் 18 லிட்டர் ஆல்கஹால் ஊற்றித் திரித்து எடுத்தால், உலர்ந்தபின் 150 கிராம் கையில் நிற்கும். அத்தனை ஆல்கஹாலை மீட்டு வடிக்காவிட்டால் நட்டம். மீட்பதென்றால் வெடிப்புக் காப்புள்ள மின்சாதனம், பொம்பா (தீயணைப்புத் துறை) ஆலோசனை, எத்தனாலானால் கலால், ஹலால் சான்று கேட்கும்போது அந்த ஆல்கஹால் எதிலிருந்து வந்தது என்ற பத்திரம் எல்லாம் வேண்டும். பெரிய ஆலைகள் ஐசோபுரொப்பனால் பயன்படுத்துவதும் உண்டு. கலால் தொல்லை குறையும், தீ அபாயம் அப்படியேதான். வண்ணம் சேர்த்து மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்று கடையில் விற்கும் சாராயத்தில் மெத்தனால் கலந்திருக்கும், அதை உணவுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

9. ஹெஸ்பெரிடின் எடுப்பதானால்

ஒரே தோலில் பெக்டின், ஹெஸ்பெரிடின் இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். இதற்குச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்பு பட்டதும் பெக்டின் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கட்டியாகிவிடும்.

எண்ணெய் எடுத்த ஆரஞ்சுத் தோலை அரைத்து, இரண்டு மூன்று மடங்கு தண்ணீரில், நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து பிஎச் 11 முதல் 11.5 வரை கொண்டுவாருங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கிளறிப் பிழிந்து வடிகட்டுங்கள். மஞ்சள் நீர் வரும். அதில் அமிலம் சேர்த்து பிஎச் 4.5க்கு இறக்கி, 60 டிகிரிக்குச் சூடாக்கி, அசைக்காமல் ஒன்று இரண்டு நாள் வையுங்கள். வெளிறிய மண் நிறத்தில் அடியில் படிவது கச்சா ஹெஸ்பெரிடின். காரத்தில் இரவு முழுக்க விட்டால் சிதையும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை இல்லாமல் இறங்காதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்புதானே என்ற பழக்கத்தில் கண்ணைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

வாங்குபவர் தூய்மை விழுக்காடு கேட்பார், அதற்கு எச்பிஎல்சி என்ற ஆய்வகச் சோதனை அறிக்கை வேண்டும். வாங்கும் ஆள் கையில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

10. மிச்சச் சக்கையும் கழிவு நீரும்

இதைக் கடைசியில் யோசிக்கிறவர்களுக்குத்தான் அக்கம்பக்கத்துப் புகார் வருகிறது. தோல் பிழிந்த நீரில் சர்க்கரை அதிகம், அதன் பிஓடி, அதாவது கழிவு சிதையும்போது நீரிலிருந்து உறிஞ்சும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்குப் பல பத்தாயிரம் மில்லிகிராம் வரை போகும். 2009ஆம் ஆண்டுத் தொழிற்கழிவு நீர் விதிகளில், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புற ஆற்றுப்பகுதிக்கான ஏ தரத்தில் பிஓடி எல்லை 20, மற்ற இடத்துக்கான பி தரத்தில் அதைவிடக் கூடுதல். பிஎச் ஏ தரத்தில் 6 முதல் 9, பி தரத்தில் 5.5 முதல் 9. உங்கள் அளவுக்கு எந்த விதி பொருந்தும் என்று சுற்றுச்சூழல் துறையின் பினாங்கு அலுவலகத்தில், இடம் எடுக்கும்போதே கேளுங்கள். எப்படியானாலும் சாக்கடையில் நேராக ஊற்றாதீர்கள். கலன் அடித் தண்ணீரை அடுத்த தொகுதிக்கும் ஒருமுறை பயன்படுத்துங்கள், பெக்டின் அமில நீரைச் சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்குங்கள்.

சக்கையை உரமாக்கலாம். எண்ணெய் எடுக்காத தோலை அப்படியே மண்புழுத் தொட்டியில் கொட்டினால் புழு செத்துவிடும், லிமோனீன் தாங்காது. வடித்த சக்கை அந்த அளவுக்குக் கெடுதி செய்யாது. கொஞ்சம் சுண்ணாம்பு, இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது மரத்தூள் சேர்த்து, இரண்டு வாரம் திறந்த குவியலில் புரட்டிவிட்டு அப்புறம் புழுவுக்குக் கொடுங்கள். மாட்டுத் தீவனமாகக் கேட்பவர்களுக்கு ஈரமாகக் கொடுக்காதீர்கள், மறுநாளே பூஞ்சை பிடிக்கும். 0.3 முதல் 0.5 விழுக்காடு சுண்ணாம்பு கலந்து கால் மணி நேரம் விட்டால் வழுவழுப்பு போய், பிழிந்தால் தண்ணீர் தானாக விடும். 60 டிகிரி உலர்த்தியில் ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே போகும்வரை காயவையுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் வெயிலை மட்டும் நம்பினால், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஒரு தட்டும் முழுசாகக் காயாது.